உறக்கத்தில் உமிழ்நீர் குறையும்போது பற்களைக் காப்பது எப்படி?

காலையில் எழுந்ததும் பல் துலக்குவதை யாரும் நமக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. துலக்காமல் இன்னொருவர் முன்னால் நின்று பேசவே கூச்சமாக இருக்கும். இரவில் துலக்குவதற்கு அப்படியொரு நெருக்கடி கிடையாது. படுத்த பிறகு நம் வாயின் வாடையைப் பற்றிக் கவலைப்படுவோர் யாருமில்லை என்பதால், களைப்பு மிகுந்த நாள்களில் முதலில் கைவிடப்படுவது அதுதான். பற்களின் நலனை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்த முன்னுரிமை தலைகீழாக இருக்கிறது. காலை, இரவு என இரு வேளையும் துலக்க வேண்டும் என்பதே பல் மருத்துவர்கள் சொல்வது. இருப்பினும், இரண்டில் ஒரு வேளைதான் பொறுமையாகச் செய்ய வாய்க்கும் என்றால், அந்த ஒரு வேளை இரவாகவே இருக்க வேண்டும். இதற்கான காரணம் உமிழ்நீரில் இருக்கிறது.

ஒரு நாளில் நம் வாயில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. அதில் ஏறத்தாழ 99 சதவீதம் தண்ணீர்தான். எஞ்சியிருக்கும் சிறு பங்குதான் பற்களுக்குக் காவலாக நிற்கிறது. அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தின் வீரியத்தை முறிக்கிறது. கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லின் கடினமான மேலுறையாகிய எனாமல் இழந்த தாதுக்களை மெல்ல மெல்ல ஈடுசெய்கின்றன. லைசோசைம், லாக்டோஃபெரின் போன்ற புரதங்கள் கிருமிகளின் பெருக்கத்தை அடக்கி வைக்கின்றன. போதாததற்கு, நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் உணவுத் துணுக்குகளும் சர்க்கரையும் கிருமிகளில் ஒரு பகுதியும் வயிற்றுக்குள் அடித்துச் செல்லப்படுகின்றன.

விழித்திருக்கும்போது, வாயில் எதுவும் இல்லாத நேரத்திலும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.3 மில்லிலிட்டர் உமிழ்நீர் ஊறிக்கொண்டே இருக்கும். மெல்லத் தொடங்கினால் இது பல மடங்காகும். உறக்கத்தில் இந்தச் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடும் அளவுக்குக் குறைந்துபோகிறது. விழுங்குவதும் எப்போதோ ஒருமுறை என்றாகிவிடுகிறது. ஆகவே பகலில் ஒரு பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வாயைக் கழுவாமல் இருப்பதும், அதே பிஸ்கட்டைத் தின்றுவிட்டு அப்படியே படுத்துவிடுவதும் ஒன்றாகா. முதலாவதில் உமிழ்நீர் கொஞ்ச நேரத்தில் நிலைமையைச் சரிசெய்துவிடுகிறது. இரண்டாவதில் ஏழெட்டு மணி நேரத்துக்கு அந்த உதவி பெயரளவில்தான் கிடைக்கிறது.

அமிலம் உருவாகும் விதம்

பற்களின் மேல் எப்போதும் கிருமிகளாலான ஒரு மெல்லிய படலம் படிந்துகொண்டே இருக்கிறது. துலக்காமல் விட்ட நாளின் முடிவில், நகத்தால் பல்லின் ஈறோர விளிம்பை லேசாகச் சுரண்டினால் வெண்மஞ்சளாக, மாவு போல ஒட்டிக்கொண்டு வருமே, அதுதான் பற்படலம். இதில் நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகள் வாழ்கின்றன. அவற்றுள் சொத்தையோடு மிக நெருங்கிய தொடர்புடையதாகப் பேசப்படுவது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924ஆம் ஆண்டில் கிலியன் கிளார்க் என்ற ஆய்வாளர் சொத்தைப் பற்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்து விவரித்தார். இவ்வகைக் கிருமிகள் நாம் உண்ணும் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் உட்கொண்டு அமிலத்தை வெளியிடுகின்றன.

அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள். வாயில் அது சாதாரணமாக 7க்கு அருகில் இருக்கும். அது ஏறத்தாழ 5.5க்குக் கீழே இறங்கும்போது எனாமலிலிருந்து கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்குகின்றன. ஈறு கீழிறங்கி வேர்ப்பகுதி வெளியே தெரியும் பற்களில் நிலைமை இன்னும் மோசம். வேரின் மேற்பரப்பு எனாமலைவிட மென்மையானது என்பதால், பிஎச் 6க்குச் சற்று மேலே இருக்கும்போதே அது கரையத் தொடங்கிவிடுகிறது. நடுவயதைத் தாண்டியவர்களுக்கு ஈறோரத்தில் புதிது புதிதாகச் சொத்தை விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1940களில் ராபர்ட் ஸ்டீபன் என்ற அமெரிக்க ஆய்வாளர், சர்க்கரைக் கரைசலால் வாய் கொப்பளித்தவர்களின் பற்படலத்தில் பிஎச் அளவு எப்படி மாறுகிறது என்பதை அளந்து வரைபடமாக்கினார். சில நிமிடங்களுக்குள் அளவு சரசரவென இறங்குகிறது. பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் படிப்படியாகப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இறங்கிய கோட்டை மீண்டும் மேலே ஏற்றுவதில் பெரும்பங்கு உமிழ்நீருக்கு உண்டு. அது வற்றியிருக்கும் நேரத்தில் அந்த ஏற்றம் தாமதமாகிறது. தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் எனாமல் அமிலத்தில் ஊறிக்கொண்டிருக்கிறது. ஒரே இரவில் சொத்தை விழுந்துவிடாது. இழப்பு ஈடுசெய்தலை மிஞ்சும் இரவுகள் தொடர்ந்து சேரும்போது, முதலில் சுண்ணாம்பு நிறத்தில் ஒரு வெண்புள்ளியாகத் தெரிந்து, பிறகு அது குழியாகிறது. வெண்புள்ளி நிலையில் இருக்கும்வரை அதைத் திரும்பச் சரியாக்க வழியுண்டு; குழி விழுந்துவிட்டால் மருத்துவர் அடைத்துத்தான் ஆக வேண்டும்.

ஈறுகளுக்கும் இதே படலம்தான் பகை. 1965ஆம் ஆண்டில் ஹெரால்டு லோ என்ற பல் மருத்துவ அறிஞரும் அவருடைய குழுவினரும் ஈறுகள் நலமாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் செய்து கவனித்தார்கள். 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறுகளில் அழற்சி உண்டானது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அது அடங்கியது. எளிய சோதனைதான், ஆனால் ஈறு நோய்க்குப் பற்படலமே காரணம் என்பதை மறுக்க முடியாதபடி காட்டியது. துலக்கும்போது இரத்தம் கசிகிறது என்பதற்காக அந்த இடத்தைத் தொடாமல் விடுபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். பெரும்பாலும் அங்கே படலம் தங்கியிருப்பதால்தான் கசிவே ஏற்படுகிறது. மென்மையாகவும் தவறாமலும் துலக்கிவந்தால் ஓரிரு வாரங்களில் கசிவு நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

எப்போது, எந்த வரிசையில்

இரவுத் துலக்கலைத் தவறவிடுபவர்களில் பலர் சோம்பேறிகள் அல்லர். தவறான நேரத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள். கண்ணைச் சொருகும் வேளையில் எழுந்துபோய் இரண்டு நிமிடம் நின்று துலக்குவது யாருக்கும் எளிதன்று. இரவுச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் கழித்தே துலக்கிவிட்டால், தூக்கத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய தேவையே எழாது. அதற்குப் பிறகு தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாய்க்குள் போகக்கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. நொறுக்குத் தீனி ஆசைக்கும் இது ஒரு கடிவாளமாக அமைகிறது. துலக்கிய வாயோடு மறுபடி தின்ன மனம் சற்றுத் தயங்கத்தான் செய்யும்.

அந்த அரை மணி நேர இடைவெளிக்கும் காரணம் உண்டு. புளிப்பான பழங்கள், பழச்சாறு, குளிர்பானம் போன்றவற்றுக்குப் பிறகு எனாமலின் மேற்பரப்பு சிறிது நேரம் இளகிய நிலையில் இருக்கும். அப்போதே பிரஷ்ஷால் தேய்த்தால் இளகிய பகுதி தேய்ந்துபோகும். வாந்தி எடுத்த பிறகும், நெஞ்செரிச்சலோடு புளித்த நீர் வாய்வரை எதுக்களித்த பிறகும் இதே எச்சரிக்கை பொருந்தும். வயிற்று அமிலம் பழச்சாற்றைவிடக் கடுமையானது. உடனே வெறும் தண்ணீராலோ, சிறிது சமையல் சோடா கலந்த தண்ணீராலோ கொப்பளித்துவிட்டு, பிறகு பொறுத்திருந்து துலக்கலாம்.

துலக்குவதற்கு முன் பல்லிடுக்குகளைச் சுத்தம் செய்வது நல்லது. பிரஷ்ஷின் இழைகள் பல்லின் வெளிப்பக்கத்தையும் உட்பக்கத்தையும் மெல்லும் பரப்பையும் எட்டும். இரண்டு பற்கள் ஒன்றையொன்று தொடும் பக்கங்களை எட்டா. நியூ ஆர்லியன்ஸ் நகரைச் சேர்ந்த லீவை ஸ்பியர் பார்ம்லி என்ற பல் மருத்துவர், மெழுகிட்ட பட்டு இழையை இடுக்குகளில் செலுத்தித் துடைக்கும்படி 1819லேயே எழுதி வைத்தார். இன்றைய ஃப்ளாஸ் அதன் வழிவந்ததுதான். ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளத்துக்கு இழையை அறுத்து, இரு கைகளின் நடுவிரல்களிலும் சுற்றிக்கொண்டு, இடையில் இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டரை மட்டும் விறைப்பாகப் பிடிக்க வேண்டும். ‘டக்’கென்று அழுத்தி இறக்கினால் இழை ஈறை வெட்டிவிடும், முன்னும் பின்னுமாக இழைத்தபடியே மெதுவாக இறக்க வேண்டும். உள்ளே போனதும் ஒரு பல்லின் பக்கவாட்டில் அரைவட்டமாக வளைத்து, ஈறின் விளிம்புக்குச் சற்றுக் கீழிருந்து மேல்நோக்கித் துடைத்து, பிறகு அதே இடுக்கில் அடுத்த பல்லையும் அவ்வாறே துடைக்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இது கொஞ்சம் எரிச்சலூட்டும் வேலைதான். கடைவாய்ப் பற்களுக்கு விரல் எட்டாது, இழை நழுவும், எச்சில் வழியும். இடுக்குகள் அகலமாக இருப்பவர்களுக்கு இடுக்குப் பிரஷ் இதைவிட எளிது, பயனும் கூடுதல். பற்குச்சியால் குத்துவது இவை எதற்கும் ஈடாகாது. ஈறைக் கிழிப்பதில்தான் அது முடியும்.

பிறகு துலக்குதல். மென்மையான இழைகள் கொண்ட, சிறிய தலையுள்ள பிரஷ் போதும். பல்லும் ஈறும் சந்திக்கும் கோட்டில் இழைகள் 45 பாகை சாய்ந்து படும்படி வைத்து, சின்னச் சின்ன அசைவுகளாகத் துலக்குவதே பரவலாகக் கற்பிக்கப்படும் முறை. சார்லஸ் பாஸ் என்ற மருத்துவப் பேராசிரியர் வகுத்துத் தந்ததால் அது அவர் பெயரிலேயே வழங்குகிறது. அழுத்தித் தேய்த்தால் கூடுதலாகச் சுத்தமாகும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. பற்படலம் மென்மையானது, அது போவதற்கு வலு தேவையில்லை, பிரஷ் அந்த இடத்தைத் தொட்டால் போதும். அழுத்தித் தேய்ப்பதால் ஈறு கீழிறங்குவதும், பல்லின் கழுத்துப் பகுதி தேய்ந்து கூச்சம் எடுப்பதும்தான் மிச்சம். புதிய பிரஷ்ஷின் இழைகள் ஒரு மாதத்துக்குள்ளேயே பக்கவாட்டில் விரிந்துபோனால், கை கனக்கிறது என்று பொருள். மற்றபடி மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை பிரஷ்ஷை மாற்றினால் சரி.

இரண்டு நிமிடம் துலக்க வேண்டும் என்பார்கள். கடிகாரத்தைப் பார்த்துத் துலக்கினால்தான் அது எவ்வளவு நீளமான நேரம் என்று தெரியும். அந்த நேரத்திலும் பெரும்பகுதி, கண்ணாடியில் தெரியும் முன்பற்களின் வெளிப்பக்கத்துக்கே போய்விடுகிறது. உண்மையில் கவனம் தேவைப்படும் இடங்கள் வேறு. கீழ் முன்பற்களின் உட்பக்கத்தை நாக்கால் தடவிப் பாருங்கள்; சொரசொரப்பாகப் பட்டால் அங்கே பற்காரை படியத் தொடங்கியிருக்கலாம். நாக்கின் அடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் அங்கேதான் திறக்கிறது. தாதுக்கள் நிறைந்த நீர் அந்த இடத்தில் தேங்குவதால், எஞ்சியிருக்கும் படலம் விரைவில் இறுகிக் காரையாகிவிடுகிறது. இறுகிய பின் எந்தப் பிரஷ்ஷாலும் அதை எடுக்க முடியாது. இதே காரணத்தால் மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப்பக்கமும் காரை சேரும் இடமாகிறது. அங்கே துலக்கும்போது வாயை அகலத் திறந்தால் கன்னம் இறுகி பிரஷ்ஷுக்கு இடம் கொடுக்காது. பாதி மூடிய நிலையில் துலக்கினால் எளிதாகப் போய்வரும்.

பற்பசையைப் பொறுத்தவரை, அட்டையின் முகப்பில் உள்ள விளம்பர வாசகங்களைவிடப் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் ஃப்ளோரைடு அளவுதான் முக்கியம். பெரியவர்களுக்கு 1000 முதல் 1500 பிபிஎம் வரை இருப்பது ஏற்றது. எனாமலோடு சேரும் ஃப்ளோரைடு அதன் அமிலத் தாங்குதிறனைக் கூட்டுகிறது. இழந்த தாதுக்கள் மீண்டும் படிவதையும் விரைவுபடுத்துகிறது. இந்த வேலை நடக்க அது பல்லின் மேல் தங்க வேண்டும். ஆனால் துலக்கி முடித்ததும் வாய் நிறையத் தண்ணீரை எடுத்து நாலைந்து முறை கொப்பளித்து, அதை முழுவதுமாக வெளியேற்றுவதே நம் வழக்கமாக இருக்கிறது. நுரையை நன்றாகத் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் வாயில் பசையின் சுவை நிற்பது விநோதமாகத் தோன்றும். சில நாள்களில் பழகிவிடும். பகலில் இந்த மெல்லிய பூச்சை உமிழ்நீர் விரைவில் கழுவிவிடும்; இரவில் அது அதிக நேரம் நிற்கும். உமிழ்நீர் குறைவதால் நமக்குக் கிடைக்கும் ஒரே ஆதாயம் இதுதான். அதைத் தண்ணீர் ஊற்றிக் கெடுத்துக்கொள்வதில் பொருளில்லை.

மவுத்வாஷ் பயன்படுத்துபவர்களும் அதைத் துலக்கிய கையோடு பயன்படுத்தக்கூடாது. அதில் ஃப்ளோரைடு இருந்தாலும் பற்பசையில் உள்ளதைவிடக் குறைந்த செறிவிலேயே இருக்கும் என்பதால், வலுவானதைக் கழுவி வலுக்குறைந்ததை வைப்பதாகவே ஆகும். மதிய உணவுக்குப் பின் போன்ற வேறொரு நேரம் அதற்குப் பொருத்தம். பெரும்பாலானோருக்கு அது கட்டாயத் தேவையும் அன்று.

நாக்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதன் பின்பகுதியில் தங்கும் கிருமிகள் உறக்கத்தின்போது கந்தகம் கலந்த வாயுக்களை வெளியிடுவதே காலையில் வீசும் வாடைக்குப் பெரும்பாலும் காரணம். படுக்கும் முன் நாக்கு வழிப்பானால் பின்னிருந்து முன்னாக இரண்டு மூன்று முறை மென்மையாக வழித்துவிட்டால் அது கணிசமாகக் குறையும்.

சிலருக்குக் கூடுதல் கவனம் வேண்டும்

வாயைத் திறந்துகொண்டு உறங்குபவர்களுக்கு, இருக்கும் சிறிதளவு ஈரமும் காற்றில் உலர்ந்துபோகிறது. ஒவ்வாமை மாத்திரைகள், மனச்சோர்வுக்கான மருந்துகள், சிறுநீர் பெருக்கிகள் எனப் பல மருந்துகள் உமிழ்நீரைக் குறைக்கக்கூடியவை. இரவில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு விழிப்பு வருகிறதென்றால், மருந்தைத் தாமாக நிறுத்திவிடாமல், அதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்ல வேண்டும். படுக்கையருகே தண்ணீர் வைத்துக்கொள்வது உதவும். வறட்சிக்கு இனிப்பு மிட்டாயைச் சப்பிக்கொண்டே உறங்குவது பற்களுக்குப் பெருங்கேடு. ஆஸ்துமாவுக்காக இரவில் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்துக்கொள்பவர்கள் அதற்குப் பிறகு தண்ணீரால் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லையேல் வாயில் பூஞ்சைத் தொற்று வர இடமுண்டு. இன்ஹேலரை முதலில் எடுத்துக்கொண்டு, கொப்பளித்து, அதன் பிறகு பல் துலக்கினால் இரண்டு தேவைகளும் நிறைவேறும்.

குழந்தைகளின் விஷயத்தில் இரவுதான் பெரும்பாலான தொல்லைகளுக்குத் தொடக்கம். பால் புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தைக்கு மேல் முன்பற்கள் நான்கும் முதலில் பழுப்பேறிக் கரையத் தொடங்குவதைப் பல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். கீழ்ப் பற்களை நாக்கு மறைத்துக் காப்பதால் அவை தப்பித்துவிடுகின்றன. சர்க்கரையோ பழச்சாறோ கலந்த புட்டி என்றால் சேதம் இன்னும் வேகமாக நடக்கும். முதல் பல் முளைத்ததிலிருந்தே துலக்கிவிடத் தொடங்க வேண்டும். மூன்று வயது வரை ஓர் அரிசி மணியளவு பசையும், மூன்று முதல் ஆறு வயது வரை பட்டாணியளவு பசையும் போதுமானவை. ஏழு வயது வரையிலாவது பெரியவர் ஒருவர் துலக்கிவிடுவதோ, அருகில் நின்று மேற்பார்ப்பதோ தேவை. பிள்ளை தானே துலக்குகிறேன் என்று அடம்பிடித்தால், அது துலக்கி முடித்த பிறகு ஒருமுறை நாம் துலக்கிவிடலாம். பெற்றோர் பெரும்பாலும் மறந்துவிடும் இன்னொன்று, இரவில் கொடுக்கும் இருமல், காய்ச்சல் மருந்துகள். அவற்றில் பல சர்க்கரைப் பாகில் கலந்தவை. துலக்குவதற்கு முன் மருந்தைக் கொடுத்துவிட வேண்டும். நள்ளிரவில் கொடுக்க நேர்ந்தால் கொஞ்சம் தண்ணீராவது குடிக்கவைக்க வேண்டும்.

கழற்றி மாட்டும் பல்செட் அணிபவர்கள், மருத்துவர் வேறு விதமாகச் சொல்லியிருந்தாலன்றி, இரவில் அதைக் கழற்றிவிட வேண்டும். இரவு முழுவதும் அணிந்திருந்தால் அதன் அடியிலுள்ள சதை சிவந்து, பூஞ்சைத் தொற்றுக்கு இடமாகும். சாதாரணப் பற்பசையில் உள்ள தேய்ப்புத் துகள்கள் பல்செட்டைக் கீறிவிடுவதால், மென்மையான சோப்பும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, குளிர்ந்த தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். கொதிநீர் அதன் வடிவத்தைக் கோணலாக்கிவிடும்.

காலையில் தாடை கனத்து, நெற்றிப்பொட்டில் வலியோடு எழுபவர்கள் உறக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களாக இருக்கலாம். அவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே பக்கத்தில் படுத்திருப்பவருக்கு ‘நறநற’ சத்தம் கேட்டிருக்கும். பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்து தரும் இரவு உறையை அணிந்தால், கடிக்கும் பழக்கம் நிற்காவிட்டாலும் பற்கள் தேய்வதும் விரிசல் விடுவதும் தவிர்க்கப்படும். பற்கடிப்போடு பலத்த குறட்டையும் பகலில் தீராத தூக்கக் கலக்கமும் சேர்ந்திருந்தால், உறக்கத்தில் மூச்சு தடைப்படும் கோளாறு இருக்கிறதா என்று பொது மருத்துவரிடமும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பகலில் விட்டுவிட்டு இருந்த பல்வலி, படுத்ததும் விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்குவது பலர் அறிந்த அனுபவம். படுத்த நிலையில் தலைப்பகுதிக்கு இரத்த ஓட்டம் கூடி, பல்லின் உள்ளே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய, வீங்கியிருக்கும் பற்கூழில் அழுத்தம் அதிகரிப்பதால் இப்படி நேர்கிறது. இந்த நிலை வந்துவிட்டால் துலக்குவதால் மட்டும் அது தீராது. சொத்தை பல்லின் உள்ளே எட்டிவிட்டது என்பதற்கு இது பெரும்பாலும் அடையாளம். விடியும்வரை தலையை உயர்த்தி வைத்துப் படுப்பதும், தமக்கு ஒத்துக்கொள்ளும் வலி மாத்திரையை உரிய அளவில் விழுங்குவதும் ஓரளவு ஆறுதல் தரும். ஆஸ்பிரின் மாத்திரையை வலிக்கும் பல்லின் ஓரத்தில் வைத்து அடக்கிக்கொள்ளக்கூடாது. அது ஈறையும் கன்னத்தின் உட்பக்கத்தையும் வெள்ளையாக வெந்துபோகச் செய்யும், வலியையும் குறைக்காது. முகமோ கழுத்தோ வீங்கி, காய்ச்சலும் விழுங்குவதில் சிரமமும் சேர்ந்தால் காலைவரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.